காலி கேலரியில் ஒரு முந்திரிக்கொட்டை

அந்த மைதானத்தில் பேய் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவர்கள் மைதானத்துக்கே வராதவர்கள்தான். வீட்டு சோபாவில் சாய்ந்துகொண்டு, ஒரு கண் டிவியிலும் ஒரு கண் போனிலுமாகக் கால்பந்து பார்க்கிற புண்ணியவான்கள். சொந்த ஊர் அணி கோல் போடும்போதெல்லாம், கூட்டத்தின் ஆரவாரம் எழும்புவதற்கு ஒரு கணம் முன்னால், ஒற்றை ஆண்குரல் "கோல்!" என்று கத்துகிறதாம். ஒவ்வொரு ஆட்டத்திலும் அதே குரல், அதே கத்தல், கடைசியில் பிசிறடித்து உடைவதுகூட அதே மாதிரி. கேமரா கேலரிப் பக்கம் திரும்பினால் அங்கே கத்துவதற்கு ஆளையே காணோம். யாரோ வேலைவெட்டி இல்லாதவர் பல ஆட்டங்களிலிருந்து அந்தக் கத்தலை மட்டும் வெட்டி ஒட்டிப் போனில் சுற்றுக்கு விட்டார். ஊரே பார்த்துச் சிரித்தது.

மைதானத்துச் சவுண்டுக்காரர் வீட்டுக்கும் அது வந்து சேர்ந்தது. கல்லூரியில் படிக்கிற மகள் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அப்பா, உங்க கிரவுண்டுல பேய் இருக்காம்பா! கேளுங்களேன்."

அவர் கேட்டார். இன்னொரு தடவை கேட்டார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார்.  மகள் அதற்குள் அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டிருந்தாள். முழு ஆட்டம் ஒன்றை அவள் உட்கார்ந்து பார்த்து எத்தனையோ வருஷமாகிறது. "கோல் மட்டும் தனியா வந்துடுதேப்பா, மிச்ச நேரம் ஓடறத யார் பாப்பா?" என்பாள்.

அது பேய் இல்லை என்று அவருக்குத் தெரியும். பேய்தான் என்று யாராவது அடித்துச் சொன்னால், அந்தப் பேய் அவருடைய சொந்த அண்ணன்.

அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் தம்பியைப் பற்றிச் சொல்ல முடியாது. அண்ணன் பஸ் டிப்போவில் மெக்கானிக். நாள் முழுக்க இன்ஜின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. கேலரியில் அவருக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர். பழத்துக்குள் அடங்கி இருக்காமல் வெளியே வந்து நிற்கிற கொட்டை அது. எதிலும் முந்திக்கொள்கிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? பந்து வலைக்குள் போனபிறகு கத்துவது உலக வழக்கம். இவர் போவதற்கு முன்பே கத்துவார். ஃபார்வர்டு காலைப் பின்னால் இழுக்கும்போதே இவருக்குக் கண் விரியும், வாய் திறக்கும், "கோல்!" கிளம்பிவிடும். பாதித் தடவை பந்து வானத்தைப் பார்க்கப் போகும்.

"யோவ் முந்திரிக்கொட்டை! நீ கத்தித்தான்யா வெளிய போச்சு!" என்று முன்வரிசை திரும்பித் திட்டும்.

"நான் கத்தாட்டி மட்டும் உள்ள போயிருக்குமாக்கும்" என்பார். அப்புறம் கொஞ்சம் தணிந்து, "உள்ள போனதுக்கு அப்புறம் கத்தறதுன்னா கிரவுண்டுக்கு எதுக்குய்யா வரணும்? காலைல பேப்பரைப் படிச்சுட்டுக் கத்தலாமே" என்பார். 

அப்பா சீக்கிரம் போய்விட்டதால் அண்ணன் தோளில் உட்கார்ந்துதான் தம்பி முதல் ஆட்டத்தைப் பார்த்தான். கூட்டம் முழுக்க எழுந்து குதிக்கும், அண்ணன் தோள் ஆடும், தம்பி அண்ணன் தலைமுடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வாயை இறுக மூடிக்கொள்வான். பயம் இல்லை. சந்தோஷம் தொண்டையில் வந்து நிற்கும், அதற்கு மேல் வராது. அவ்வளவுதான் அவன் வாங்கி வந்த வரம். வளர்ந்த பிறகும் கேட்டதற்குப் பதில் சொல்வான், கேட்காததற்குச் சொல்லமாட்டான். அண்ணன் அவனுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்தார்.

"ஏன்டா ஊமைக்கோட்டான், ஒரு தடவ வாயத் தெறந்து கத்தினா என்னடா கொறஞ்சு போயிடும்?"

தம்பி சிரிப்பான்.

"சரி விடு. உனக்கும் சேத்து நான் கத்திட்டேன்."

ஒவ்வொரு ஆட்டம் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போதும் இதுதான் கடைசிப் பேச்சு. ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கத்த ஒருவர் இருக்கும்போது இன்னொருவர் எதற்குத் தொண்டையைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டும் என்று தம்பியும் விட்டுவிட்டான்.

அப்படிப்பட்டவன் சத்தத்தை வைத்தே பிழைக்கும்படி ஆனதுதான் வேடிக்கை. ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்தான். ஒருநாள் மைதானத்து ஒலிபெருக்கி பாதி ஆட்டத்தில் ஊளையிட ஆரம்பித்தது. "எந்தம்பி பாத்துடுவான்!" என்று கேலரியிலிருந்தே கூவி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவனை இழுத்துப்போய் நிறுத்தியவர் அண்ணன். இங்கேயும் முந்திரிக்கொட்டைத்தனம்தான், தம்பி அதுவரை அவ்வளவு பெரிய பெட்டியைத் திறந்ததே இல்லை. எப்படியோ சரி பண்ணினான். வேலையும் கிடைத்தது. ஆட்டக்காரர் பெயரைச் சொல்ல, விளம்பரம் வாசிக்க வேறு ஆள் உண்டு, அவருக்குத் தனிக் கண்ணாடி அறை. கம்பியும் பெட்டியும் குமிழும் மட்டும் இவருடையது.

சவுண்டு அறை கிழக்குக் கேலரியின் உச்சியில் இருந்தது. கை நீட்டினால் நாலு சுவரையும் தொடலாம். சூடாகிக்கொண்டே இருக்கிற ஆம்ப்ளிஃபயர்கள், ஒரு மேஜை, ஒரு ஸ்டூல், மைதானத்தைப் பார்த்த கண்ணாடி இல்லாத ஜன்னல். ஜன்னலுக்கு நேர் கீழே அண்ணனின் இருக்கை. இடைவேளையில் அண்ணன் சுருட்டிய பேப்பரால் ஜன்னல் விளிம்பில் தட்டுவார். கீழிருந்து டீ மேலே வரும், மேலிருந்து காலி கப் கீழே போகும். இப்படியே தலை நரைத்தது ரெண்டு பேருக்கும்.

கூட்டம் எப்போது குறைய ஆரம்பித்தது என்று கேட்டால் ஒருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. ஏன் என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு காரணம் வைத்திருப்பார்கள். டிக்கெட் விலை ஏறியது. ஏறாத பொருள் எது? மதியம் நடந்த ஆட்டம் டிவிக்காரர்களின் சௌகரியத்துக்காக அவர்கள் நினைத்த வேளைக்கு மாறியது; விடிந்தால் வேலைக்குப் போகிறவன் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு எத்தனை தடவை நடப்பான்? நம்ம பையன் என்று தலையில் தூக்கி வைத்து ஆடின ஆட்டக்காரனை அடுத்த வருஷமே வேறு அணிக்கு விற்றார்கள், அவன் பெயர் போட்ட சட்டையை வாங்கினவன் அதை வீடு துடைக்கப் போட்டான். வாசலில் தண்ணீர் பாட்டில் மூடியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே விட்டார்கள். மூடி என்ன பாவம் செய்தது என்று இன்றுவரை தெரியாது.

அண்ணன் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். திட்டிக்கொண்டே வந்தார், வந்து திட்டினார். அவரால் விழுங்க முடியாமல் போனது ஒன்றே ஒன்று.

வீடியோ பார்த்துத் தீர்ப்பு சொல்லும் முறை வந்த புதிது. ஆட்டம் முடியப் போகிற நேரம். ஃபார்வர்டு காலை இழுத்தான், அண்ணன் கத்தினார், பந்து உள்ளே போனது. கேலரியே எழுந்தது. அண்ணன் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஆளைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். அப்போது ரெஃப்ரி காதில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். எல்லாரும் பெரிய திரையைப் பார்த்தார்கள். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அண்ணனின் கை இன்னும் அந்த ஆளின் தோளில் இருந்தது; எடுப்பதா வைத்திருப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் யாருடைய தோள்பட்டையோ ஒரு நூல் முன்னால் இருந்ததாம், கோல் இல்லை என்றார்கள். அண்ணன் கையை எடுத்துக்கொண்டார். அந்த ஆள் வேறு பக்கம் பார்த்தான். மேலே ஜன்னலில் இருந்து தம்பி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"கத்தறதுக்கும் இனி மேலேர்ந்து உத்தரவு வரணுமாம்டா" என்றார் அண்ணன், வீட்டுக்கு நடக்கும்போது. உனக்கும் சேர்த்துக் கத்திவிட்டேன் என்று அன்றைக்குச் சொல்லவில்லை.

அதன் பிறகும் சில மாதங்கள் வந்தார். பந்து உள்ளே போனால் முதலில் திரையைப் பார்ப்பார். திரை சரி என்ற பிறகு கத்தலாமா என்று யோசிப்பார். அதற்குள் கத்துகிற ஆசை ஆறிப் போயிருக்கும். முந்திரிக்கொட்டை பழத்துக்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டது. பிறகு வருவது நின்றது. வீட்டில் டிவியைச் சத்தமில்லாமல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் காலை டிப்போவுக்குக் கிளம்ப, செருப்பை மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

கேலரிக்காரர்கள் பழைய பாசத்தில் வந்தார்கள். "போறதுலயும் முந்திக்கிட்டானே, பாவி முந்திரிக்கொட்டை" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்து, சிரித்தபடியே அழுதார்கள். தம்பிக்கு அழுகையும் தொண்டையோடு நின்றது. அங்கிருந்தவர்கள் அவரைக் கல்நெஞ்சு என்று நினைத்திருக்கலாம்.

அண்ணன் போன பிறகு கூட்டம் இன்னும் இளைத்தது. மடக்கு இருக்கைகள் வரிசை வரிசையாக நிமிர்ந்தே கிடக்கும். ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் திட்டுவது கேலரி உச்சிக்குக் கேட்கும். மைதானத்து மேனேஜர் ஒருநாள் படியேறி வந்தார். கெட்டவர் இல்லை, தூங்கி நாளாகிவிட்ட முகம்.

"சார், டிவில பாக்க இழவு வீடு மாதிரி இருக்கு. விளம்பரக்காரன் எவனும் கிட்ட வரமாட்டேங்கறான். கூட்டம் கத்தற மாதிரி ஏதாவது பழைய சத்தம் இருந்தா போட்டு விடுங்களேன்."

இருந்தது. அணி கோப்பை ஜெயித்த அந்த இறுதி ஆட்டத்தன்று, புதிதாக வந்த ரெக்கார்டரைச் சோதிப்பதற்காக ஒரு மைக்கை ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தார். அன்றைக்கு அடைமழை கொட்டினதுபோல் கூட்டம். அண்ணன் அந்தப் புழுக்கத்திலும் கழுத்தைச் சுற்றி மஃப்ளர் கட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்து, டீயை மேலே நீட்டிவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியது ஞாபகம் இருந்தது. பதிவை அதன்பிறகு அவர் கேட்கவே இல்லை. இப்போது காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். கூட்டத்தின் முணுமுணுப்பு, அது திரண்டு மேலே ஏறியது, ஏறிக்கொண்டிருக்கும்போதே, மைக்குக்கு வெகு அருகில்:

"கோல்!"

ஒரு கணம் கழித்து ஆரவாரம் இடிந்து விழுந்தது.

 "அண்ணா" என்று வாய்விட்டுச் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். இருக்கை நிமிர்ந்தபடி இருந்தது.

அன்றிலிருந்து அண்ணன் ஒரு ஆட்டத்தையும் தவறவிடவில்லை. உயிரோடு இருந்தபோது வராமல் போனவர், செத்த பிறகு வாரம் தவறாமல் வந்தார். சவுண்டுக்காரர் முணுமுணுப்பை ஓடவிட்டு, கோல் விழுந்தால் குமிழை ஏற்றுவார். நாலு மூலை ஸ்பீக்கரிலும் அண்ணன் கத்துவார். ஒரே ஒரு குறை. திரை சரி என்று சொன்ன பிறகுதான் ஆரவாரம் போட வேண்டும் என்பது மேனேஜர் உத்தரவு. அதனால் ஊரிலேயே முந்திக் கத்தினவர், ஊரிலேயே கடைசியாகக் கத்தினார். "கொஞ்சம் பொறுத்துக்கோண்ணா" என்று ஒவ்வொரு தடவையும் ஜன்னலைப் பார்த்துச் சொல்லிக்கொள்வார்.

ஆட்டம் இல்லாத நாளிலும் போக ஆரம்பித்தார். டெஸ்ட் பண்ணுகிறேன் என்று பெயர். மதிய வெயிலில் காலி மைதானத்தில் கூட்டம் திரளும், ஒற்றைக் குரல் எழும், ஆரவாரம் விழும், அப்புறம் புறா சிறகடிப்பது மட்டும் கேட்கும். திரும்பப் போடுவார். புல்வெட்டுகிறவர் ஒருநாள் மிஷினை நிறுத்திவிட்டு மூச்சிரைக்க மேலே வந்தார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. ஆளில்லாத கிரவுண்டுல இந்தச் சத்தத்தக் கேட்டா எனக்கு வேலையே ஓடல. நேத்து அந்த சீட் தானா கீழ எறங்கின மாதிரி இருந்துச்சு."

"எந்த சீட்டு?"

அவர் கை காட்டிய இடத்தைப் பார்த்ததும் சவுண்டுக்காரருக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. அது நல்லதற்கில்லை என்று அவருக்கே தெரிந்தது. வீட்டில் மனைவி கூப்பிட்டால் ரெண்டாம் தடவைக்குத்தான் காதில் விழுந்தது. பஸ் பிரேக் பிடிக்கிற சத்தத்தில்கூட அந்தக் கத்தல் கேட்டது. இரண்டு தெரு தள்ளி இருக்கிற அண்ணி வீட்டுக்குப் போவதை விட்டுவிட்டார். அங்கே அண்ணன் போட்டோவில் மட்டும்தான் இருந்தார், இங்கே குரலோடு இருந்தார்.

அந்த நேரத்தில்தான் பேய் வீடியோ ஊரைச் சுற்றியது. மேனேஜர் மறுபடி படியேறினார்.

"நம்மள வெச்சுக் காமெடி பண்றாங்க சார். ஆளே இல்லாம ரெக்கார்டு போடறான்னு வெட்டவெளிச்சம் ஆயிடுச்சு. அந்தக் குரல மட்டும் வெட்டி எடுத்துடுங்க. சனிக்கிழமை மேட்சோட சரி, அதுக்கப்புறம் கேக்கக் கூடாது. உங்களால முடியலன்னா சொல்லுங்க, கம்ப்யூட்டர்லயே கூட்டம் செஞ்சு தர்ற கம்பெனி இருக்கு."

"நானே பண்றேன்" என்றார் சவுண்டுக்காரர்.

பண்ண முடியவில்லை. அந்த இடத்தைக் கண்டுபிடித்துக் குறித்துக்கொண்டார், விரலைப் பொத்தானில் வைத்தார், எடுத்தார். பாடைக்குத் தோள் கொடுத்தாகிவிட்டது. மிச்சம் இருக்கிற குரலையும் இந்தக் கையாலேயே வெட்ட வேண்டுமா?  அப்போதுதான் அண்ணி ஞாபகம் வந்தது. கட்டினவள் ஒரு தடவையாவது கேட்க வேண்டாமா? தான் மட்டும் இத்தனை நாள் தனியாக வைத்து அனுபவித்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அண்ணி தையல்காரி. தையல் மிஷின் ஜன்னலோரம் இருந்தது, ஜன்னல் மைதானத்தைப் பார்த்து இருந்தது. மைதானத்துக்கு அவள் போனதே இல்லை. அந்தக் காலத்தில் கோல் விழுந்தால் டிவிக்கு முன்னால் ஜன்னலுக்குத் தெரிந்துவிடும். சத்தத்தை வைத்தே புருஷன் என்ன முகத்தோடு வருவான் என்று சொல்லிவிடுவாள்.

"வழி தெரிஞ்சுதா?" என்றாள், மிஷினை நிறுத்தாமல்.

"வர முடியல அண்ணி."

"இப்பல்லாம் மேட்ச் அன்னைக்கு ஜன்னல மூடிடறேன் தம்பி. வாராவாரம் ஒரே சத்தம். வெந்ததையே வேக வெக்கற மாதிரி."

"அது நான் போடற ரெக்கார்டு. அதுல..." அவர் ஜன்னலைப் பார்த்தார். "அதுல அண்ணன் கொரல் இருக்கு அண்ணி. கத்தறார். எப்பவும் போல முன்னாடியே. சனிக்கிழமையோட அத எடுத்துடச் சொல்லிட்டாங்க. நீங்க ஒரு தடவ வந்து கேக்கணும்."

மிஷின் சக்கரத்தை அவள் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"எந்த மேட்ச் அது?"

"கப் ஜெயிச்சோமே, அந்த மேட்ச்."

அண்ணி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு ஊசியிலிருந்து நூலை உருவிக்கொண்டே, "வர்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை மதியம் வந்தாள். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகிறவள் போல் உடுத்தியிருந்தாள், கையில் புருஷனின் மஃப்ளர். கேலரியில் எண்ணிவிடுகிற அளவுக்குத்தான் ஆட்கள். அதிலும் பாதிப்பேர் பேயைக் கேட்பதற்காகப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்திருந்த பையன்கள். அண்ணி ஜன்னலுக்குக் கீழே இருந்த இருக்கையை இறக்கி, கையால் தட்டி, உட்கார்ந்தாள். அந்த இருக்கையில் ஒரு ஆளைப் பார்த்ததும் சவுண்டுக்காரருக்குக் கண் கலங்கியது.

முதல் பாதியிலேயே ஒரு கோல் விழுந்தது. ரெஃப்ரி காதில் விரலை வைத்தார். வட்டம் சுற்றியது. சரி என்றது திரை. அவர் குமிழை ஏற்றினார். கூட்டம் திரண்டது, அண்ணன் கத்தினார், பையன்கள் "பேய்! பேய்!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை, மைதானத்தைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி, மேலே ஜன்னலில் இருந்த அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் மேலே ஏறி வந்தாள்.

"காதுல வெச்சு ஒரு தடவ கேக்கறேன் தம்பி."

ஹெட்போனை மாட்டிவிட்டார். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.  மெதுவாகக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"தம்பி, இது அவர் இல்ல."

"அண்ணி..."

"அன்னைக்கு அவருக்கு சுத்தமா தொண்டை கட்டிடுச்சு. காத்துதான் வந்துச்சு. முந்திரிக்கொட்டைக்குத் தொண்டை போச்சுன்னு தெரிஞ்சா கேலரில மானம் போயிடும்னு இந்த மஃப்ளரச் சுத்திக்கிட்டு வந்தார். நான்தான் கட்டிவிட்டேன்."

அவருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. கட்டைவிரலை உயர்த்திக் காட்டிய அண்ணன் அன்று ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

"அப்ப... இது யாரு?"

"நீங்கதான்."

"நான் கத்தலியே அண்ணி. நான் எப்ப கத்தினேன்? எனக்குத்தான் வராதே."

"கத்தறவனுக்கு அது எங்க தெரியும்? நான் எங்கடி முன்னாடி கத்தினேன்னு அவரும் என்னக் கேப்பார்." அண்ணி சிரித்தாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "அன்னைக்கு வீட்டுக்கு வந்தவர் கப்பு ஜெயிச்சதச் சொல்லல. வாசல்லயே நின்னு, என் காதுகிட்ட வந்து, காத்துக் கொரல்ல சொன்னார். 'ஊமைக்கோட்டான் கத்திட்டான்டி. எனக்கும் சேத்து கத்திட்டான்.'"

சவுண்டுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நான் சொல்றேன்னுதான் சொன்னேன். வேணாம்னுட்டார். 'சொன்னா வெக்கப்பட்டு வாய மூடிக்குவான், மறுபடி தானா கத்தட்டும்'னார். அதுக்கப்புறம் வாராவாரம் அதுக்குத்தான் வந்தார் தம்பி. பந்தப் பாத்தாரோ இல்லியோ, காத உங்க ஜன்னல் மேலதான் வெச்சிருப்பார். வந்ததும் நான் கேப்பேன், இன்னைக்குக் கத்தினாரான்னு. இல்லடி, அடுத்த மேட்ச்ல கத்துவான் பாருன்னுவார்."

 அண்ணன் இங்கே குரலாக இருக்கிறார் என்று இத்தனை நாள் நம்பியிருந்தார். அண்ணன் இங்கே காதாக இருந்திருக்கிறார். மேலே பார்த்து, காத்திருந்து, ஒன்றும் கேட்காமல் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார். தான் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இன்னும் கத்தியிருக்கலாம். கேட்கிறவர் உயிரோடு இருந்தபோது மேஜைக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்து, அவர் போன பிறகு காலி இருக்கைக்கு நாலு ஸ்பீக்கரில் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தபோது, இத்தனை வருஷம் தொண்டையோடு நின்றிருந்த அழுகை வந்துவிட்டது. அண்ணி அவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

இரண்டாம் பாதி தொடங்கியது. அண்ணி கீழே போகவில்லை, ஜன்னலோரம் நின்றாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குமிழைப் பிடித்து மெதுவாக முழுக்க இறக்கினார். முணுமுணுப்பு நின்றது. மேஜையில் போன் அதிர்ந்தது, மேனேஜர்தான். அதைக் கவிழ்த்து வைத்தார்.

மைதானம் உள்ளது உள்ளபடி கேட்டது. காற்றில் இருக்கைகள் கிறீச்சிட்டன. யாரோ இருமினார்கள். பந்தைக் கால் உதைக்கிற சத்தம் தனித்தனியாக மேலே வந்தது. பையன்கள் போனை இறக்கிவிட்டு, என்ன ஆச்சு என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இத்தனை அநாதையாகவா கிடந்தது இந்த இடம் என்று அவருக்கு மனசு பதறியது.

ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த பையன் ஒருவன் பந்தை உள்ளே தள்ளினான். ஃபார்வர்டு அதை நெஞ்சில் வாங்கிக் கீழே விட்டான். ஒரு ஆளை ஏமாற்றினான். கோல்கீப்பர் முன்னால் வந்தான். ஃபார்வர்டு காலைப் பின்னால் இழுத்தான்.

"கோல்!"

குரல் பிசிறடித்து உடைந்தது. பந்து கம்பத்துக்கு மேலே எழும்பி, காலி வரிசைகளுக்கு நடுவே விழுந்து, படிப்படியாகத் தட்டிக்கொண்டு கீழே இறங்கியது. கேலரியில் இருந்த அத்தனை தலையும் திரும்பி ஜன்னலைப் பார்த்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

அவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், தொண்டை எரிந்தது. அண்ணி ஜன்னல் விளிம்பில் குனிந்தாள். அவரிடம் சொல்லவில்லை, கீழே அந்த இருக்கையைப் பார்த்துச் சொன்னாள்.

"கேட்டுச்சா? உங்க தம்பிதான். முந்திரிக்கொட்டை."